ஏழும் பதினொன்றும் முக்கியம்

அந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடமிருந்து இரண்டு பொருட்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒன்று என் கைபேசி. அதை ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் கையில் தருவார்கள். மற்றது பத்தாம் வகுப்பிலிருந்து பி.எட். வரைக்குமான என் அசல் சான்றிதழ்கள். அவற்றை மூன்று வருடம் முடித்த பிறகுதான் தருவார்கள். இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு பக்கம் மரவள்ளிக் காடும் ஒரு பக்கம் கோழிப்பண்ணையுமாக இருந்தது அந்தப் பள்ளி. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுப்பதும், பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடியைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. குடியிருக்க விடுதியிலேயே ஓர் அறை. காலை ஐந்தரைக்குப் படிப்பு ஹாலில் நிற்க வேண்டும். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும் ஆசிரியர்கள் வெளியே போய் வரலாம்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆட்டையாம்பட்டியில் அப்பா இறந்த பிறகு வீடு அண்ணனுடையதாகிவிட்டது. அண்ணி ஒரு சொல்லும் தவறாகப் பேசியதில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துவிட்டு அண்ணியைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் பள்ளிக்குள் போனேன். எனக்குப் பின்னால் கேட்டைச் சாத்திய சத்தம் முதல் நாள் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதி நாலு மாதம் தாங்கியது.

விடுதியில் தடை செய்த பொருட்களின் பட்டியலில் எம்பி3 பிளேயர் இல்லை. உலகத்தில் அப்படி ஒன்று இன்னும் இருக்கிறது என்று பட்டியல் எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. விரல் நீளத்தில் என்னிடம் ஒன்று இருந்தது. அதில் இருந்தது முழுக்க ஜாஸ்.

சேலத்தில் எம்.எஸ்ஸி. படித்தபோது பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில், கேட்கிற பாட்டையெல்லாம் சிடியில் பதிந்து தருவார்கள். பாட்டில் வார்த்தை இருந்தால் எனக்குப் படிப்பு ஓடாது. "வார்த்தையே இல்லாத பாட்டாப் போட்டுக் குடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் விற்காமல் கிடந்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக் கொடுத்தார். மழைச் சத்தம், தியானத்துக்கான மணியோசை, அவற்றோடு எட்டு ஜாஸ் ஆல்பங்கள். யார் வாசித்தது, எந்த ஊரில், எந்த வருடம் என்று ஒரு விவரமும் கிடையாது. டிராக் ஒன்று, டிராக் இரண்டு, அவ்வளவுதான். ஓர் ஆல்பத்தில் ட்ரம்பெட்டும், பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியமும் மட்டும் இருந்தன. நடுவில் கூட்டத்தில் யாரோ இருமுவார். அந்த இருமலுக்குப் பிறகு ட்ரம்பெட்காரர் ஒரு நொடி தயங்கி, அதுவரை போகாத ஒரு பக்கமாகத் திரும்பிப் போவார். அந்த ஒரு நொடிக்காகவே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஜாஸ் கேட்கிற இன்னொருவரை அதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் காலை, நன்றாக விடிந்திருக்கவில்லை. படிப்பு ஹாலின் ஜன்னலோரம் நின்றிருந்தேன். கீழே பஸ்களைக் கழுவுகிற இடத்திலிருந்து சாக்ஸபோன் சத்தம் வந்தது. என் தலைக்குள்தான் கேட்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு கீழே இறங்கிப் போனேன்.

வெளியூர்ப் பிள்ளைகளை ஏற்றி வருகிற பஸ்களில் ஒன்றின் டிரைவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டயருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய சீட்டுக்கு அடியிலிருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இது என்ன பாட்டுங்கண்ணா?"

"பாட்டுன்னு ஒண்ணுமில்லீங்க டீச்சர், சும்மா வாசிப்புங்க. புள்ளைங்களுக்குத் தொந்தரவுங்களா? நிறுத்தீர்றனுங்க."

"நிறுத்தாதீங்க. இது ஜாஸ்தானுங்களே?"

அவர் குழாயை மூடினார். "உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்றார். திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர் கேட்பதைப் போல இருந்தது.

அவர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போய் வந்தவர். அவர் ஊரான திருச்செங்கோட்டுப் பக்கத்தில் அப்படிப் போனவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. எத்தியோப்பியாவில் போர் போடப் போன இடத்தில் ரிக்கின் ஒரு பாகம் உடைந்து, மாற்றுப் பாகம் வந்து சேர இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. வேலையும் இல்லை, ஊருக்கு வரவும் வழியில்லை. தங்கியிருந்த அறைக்குக் கீழே ஒரு ஓட்டல். சாயங்காலம் அங்கே நாலைந்து பேர் உட்கார்ந்து வாசித்துப் பழகுவார்களாம்.

"மொத வாரம் தலவலியா இருந்துதுங்க. ரெண்டாவது வாரம், சரி, ஊதட்டும்னு உட்டுட்டனுங்க. மூணாவது வாரம் அவங்க வர்றதுக்கு முன்னாடியே போயி எடம் புடிச்சு உக்காந்துக்குவனுங்க."

ஊர் திரும்பும்போது அந்த ஊர்த் தெருக்கடைகளிலிருந்து ஒரு பை நிறைய சிடி வாங்கி வந்திருக்கிறார். அட்டையிலிருந்த எழுத்து அவருக்குப் படிக்க வரவில்லை. ஆக, இரண்டு பேரிடமும் இருந்தது பேர் தெரியாத இசைதான். நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். அவருடைய ஓர் ஆல்பம் 'ஓட்டல்'. என்னுடையது 'இருமல்'. ஓர் அம்மாள் பியானோ வாசித்துக்கொண்டே சுருதி சேராமல் கூடவே முனகுவார், அது 'முனகல்'.

நாலைந்து காலைகள் அப்படி நின்று பேசியிருப்போம். துணை முதல்வர் மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "டிரைவருங்ககிட்ட நின்னு என்ன மேடம் பேச்சு? மேல இருந்து பிள்ளைங்க பாக்கறாங்க. கேமராவும் இருக்கு" என்றார்.

பேச்சு நின்றது. இசையைப் பென் டிரைவில் ஏற்றி மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை என்னுடையது. பென் டிரைவும் என்னுடையது. இதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காலையில் பஸ் ஏறி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வருவது ஏற்கெனவே என் வேலைகளில் ஒன்று. டிரைவர் சீட்டுக்கு மேலே முதலுதவிப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தது. பஞ்சுக்குக் கீழே பென் டிரைவை வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். அவர் தன் சிடிகளை ராசிபுரத்தில் ஒரு நெட் சென்டரில் கொடுத்து அதில் ஏற்றி வைப்பார். நான் ஆய்வகக் கம்ப்யூட்டரில் அதை இறக்கிக்கொண்டு, என்னிடமிருந்ததை ஏற்றி வைப்பேன். இப்படியே ஏழு மாதம்.

டீசல் போட்ட ரசீதுச் சீட்டின் பின்பக்கம் அவர் குறிப்பு எழுதி வைப்பார். 'மூணாவது, நாலு நிமிசத்துக்கு மேல கேக்கவும்.' 'அஞ்சு சுமார்தான். ஆனா கடைசி வரைக்கும் பொறுக்கவும்.' ஒரு முறை அவர் கொடுத்த ஆல்பத்தில் ஆர்கன் சத்தம் தாங்கவில்லை. 'மில் சங்கு மாதிரி இருக்கிறது' என்று எழுதி வைத்தேன். மறுநாள் பதில் இருந்தது. 'சங்கு இல்லீங்க. காலையில கேக்க வேண்டாம். பசிக்கிற நேரத்துல கேக்கவும்.' மத்தியானம் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால், ஆய்வக அலமாரிக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவர் சொன்னது சரிதான்.

'இருமல்' அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தார். மூன்று வாரம் கழித்து ஒரு சீட்டு வந்தது. 'ரிக்குல கம்பி எறங்கறப்ப, பாறையத் தொடறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வரும். அந்தப் பெரிய தந்தி வாத்தியம் அதே மாதிரி. இப்பப் புடிக்குது.'

இரண்டாவது ஞாயிறுகளில் ஆசிரியர்களை ராசிபுரம் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவது அவர் வண்டிதான். எல்லோரும் இருப்பதால் பேச மாட்டோம். ஒரே ஒரு முறை, மற்றவர்கள் இறங்கிப்போன பின் கேட்டார். "ஏனுங்க டீச்சர், உங்களுக்கு இங்கிருந்து போகோணும்னு தோணுலீங்களா?"

"சர்ட்டிபிகேட் ஆபீஸ்ல இருக்குதுங்கண்ணா. இன்னும் ரெண்டு வருசம்."

"என்ற பாஸ்போர்ட்டு மாதிரிங்க" என்றார். பிறகு, "ஓட்டலு ஒண்ணு கெடச்சுதுல்லீங்க, அது போதும்" என்றார்.

உண்மையில் எனக்கு அது போதவில்லை. கேட்கக் கேட்க அந்த மாடி இன்னும் சின்னதாகிக்கொண்டே வந்தது. பாடத்தில் ஒலி அலைகள் வந்தது. இரண்டு அதிர்வெண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சத்தம் எப்படி ஏறி இறங்கும் என்று சொல்ல வேண்டும். 'முனகல்' அம்மாளை இரண்டு நிமிடம் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பளிச்சென்று புரியும். பிளேயர் என் கைப்பைக்குள்தான் இருந்தது. கரும்பலகைக்கு மேலே கேமராவும் இருந்தது. சூத்திரத்தை எழுதிப்போட்டு, முக்கியமான கேள்வி, கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அறுபது தலைகள் குனிந்து கோடு போட்டன.

ஜனவரியில் திருப்புதல் தேர்வு நடந்த வாரம் அது. பஸ்ஸில் ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது. பஸ்ஸில் வருகிற ஆயாம்மா பஞ்சு எடுக்கப் பெட்டியைத் திறந்திருக்கிறார். பென் டிரைவும், அதைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட ஒரு சீட்டும் கிடைத்தன. அதில் டிரைவர் எழுதியிருந்தது இதுதான். '7, 11 முக்கியம். 9 தேவையில்லை. 4 பாதி போதும்.'

தினமும் அந்தப் பஸ்ஸில் ஏறிக் கையெழுத்துப் போடுவது நான் என்பதால், அன்று மத்தியானம் தாளாளர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே தாளாளரும் துணை முதல்வரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் கதவோரம் செருப்பில்லாமல் நின்றிருந்தார். மேஜைமேல் அந்தச் சீட்டு இருந்தது.

"நாளைக்கு இயற்பியல் பரீட்சை. ஏழாவது கேள்வியும் பதினொண்ணாவது கேள்வியும் யாருக்குப் போகுது?" என்று கேட்டார் தாளாளர். குரலை உயர்த்தவில்லை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "சார், அது பாட்டு நம்பருங்க. பென் டிரைவைப் போட்டுப் பாருங்க."

போட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டரோடு இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் இருந்தன, ஆண்டு விழாவுக்கு வாங்கியவை. தாளாளர் ஏழாவதை அழுத்தினார்.

நான் அதுவரை ஜாஸை இரண்டு சின்னக் காதொலிப்பான்களில்தான் கேட்டிருந்தேன். பேஸ் இடது பக்கத்திலிருந்து வந்து தரையில் நடந்தது. ட்ரம்ஸ்காரர் குச்சியை மாற்றிக்கொள்வது கேட்டது. அந்த அறையில், அந்த நிலைமையில், எனக்கு உடம்பு சிலிர்த்தது. கதவோரம் பார்த்தேன். அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் தாளத்துக்கு அசைந்தது.

"எப்பப் பேசுவாங்க?" என்றார் தாளாளர்.

"பேச மாட்டாங்க சார்."

அவர் நம்பவில்லை. அது ஓடி முடிகிற ஒன்பது நிமிடமும் காத்திருந்தார். பிறகு பதினொன்று. நடுவில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பேசுகிற குரல் எங்கும் வராததால் கடைசியில் நிறுத்தினார்.

"சரி. வெறும் பாட்டு. அப்பறம் எதுக்கு ஒளிச்சு வெக்கணும்?"

துணை முதல்வர் என்னையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார். வினாத்தாள் விவகாரமாக இருந்திருந்தால் அதைவிட மரியாதையாக இருந்திருக்கும்.

"யார் ஆரம்பிச்சது? யாரோட பென் டிரைவ்?"

தாளாளர் நாற்காலிக்குப் பின்னால் சாம்பல் நிற இரும்பு பீரோ இருந்தது. அதன் இரண்டாவது தட்டில் என் சான்றிதழ்கள் இருந்தன. சேர்ந்த அன்று அங்கேதான் வைத்தார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"என்றதுதானுங்க சார். டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நல்லாருக்குது, கேட்டுப் பாருங்கன்னு நாந்தான் வெச்சுட்டுப் போனனுங்க. அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க."

தாளாளர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. அவர்கள் அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவரை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் அவர் பஸ்ஸை வேறு ஒருவர் ஓட்டிப் போவதை மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தேன். தடைப் பட்டியலில் எம்பி3 பிளேயரையும் பென் டிரைவையும் சேர்த்து, புதுப் பட்டியலை விடுதிச் சுவரில் ஒட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். ஒட்டினேன். பிளேயரை அலுவலகத்தில் ஒப்படைத்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். அந்த வருடக் கடைசியில் ஒரு முறை சான்றிதழைக் கேட்டேன். "ஒப்பந்தம் முடியட்டும்" என்றார்கள். ஞாயிறு மாலையில் கைபேசி கையில் வரும்போது, இணையத்தில் தேடிக் கேட்க அந்த ஒரு மணி நேரம் இருந்தது. கேட்கவில்லை. அண்ணியிடம் பேசிவிட்டுப் பத்து நிமிடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். டிரைவருடைய எண் என்னிடம் கிடையாது. கேட்டு வாங்கியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

மூன்று வருடம் முடிந்ததும் சான்றிதழ்களைக் கொடுத்தார்கள். கெங்கவல்லிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. சாயங்காலம் மணி அடித்தால் வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்தேன். கைபேசி எந்நேரமும் கையில் இருந்தது. உலகத்து ஜாஸ் முழுவதும் அதற்குள் இருந்தது. 'இருமல்' ஆல்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்தது, வாசித்தவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒலியைப் புதிதாகச் சுத்தம் செய்து வெளியிட்டிருந்தார்கள். இருமலை எடுத்துவிட்டார்கள். ட்ரம்பெட்காரர் காரணமே இல்லாமல் தயங்கினார். இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

பழைய பள்ளியின் வாட்ச்மேனிடம் விசாரித்து ஊரைத் தெரிந்துகொண்டு, காலாண்டு விடுமுறையில் திருச்செங்கோடு போனேன். அங்கிருந்து டவுன் பஸ். வீட்டை நெருங்கும்போதே, தறிக்கு நூல்தார் சுற்றுகிற மெஷின் சத்தம் கேட்டது. நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண், எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அவருடைய மனைவி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"அவரு ஊட்டுல இல்லீங்களே. மறுபடி ரிக்குக்குப் போயிட்டாருங்க, ஒடிசாப் பக்கம். நீங்க யாருங்க?"

எந்தப் பள்ளியிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "ஜாஸ் டீச்சருங்களா? உள்ள வாங்க சாமி" என்றார்.

தண்ணீர் கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார். "அவர வேலைய உட்டு எடுத்ததும், இந்த மாதிரி டீச்சரோட பேச்சுன்னு ஊருக்குள்ள வந்துருச்சுங்க. நானும் கேட்டனுங்க. சண்டையில்லீங்க, கேட்டனுங்க. அவரு ஒண்ணும் சொல்லுல. சிடியெல்லாம் எடுத்துப் போட்டு, நாலு நாளு என்னைய உக்கார வெச்சுக் கேக்க வெச்சாருங்க. இதுதான் பேசுனோம், இத உட்டா ஒண்ணுமில்லைன்னாருங்க."

"கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. ஒண்ணும் புரியலீங்க. ஒரு பொம்பள முனகீட்டே வாசிக்குது, அது ஒண்ணு தேவலாமுங்க. ஆனா இவரு பொய் சொல்லுலன்னு மட்டும் தெரிஞ்சுதுங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "அந்தப் பென் டிரைவ் என்னுதுங்க. வெச்சு வாங்கிக்கலாம்னு சொன்னதும் நான்தானுங்க. அன்னைக்கு ஆபீஸ்ல நான் பேசாம நின்னுட்டேன்."

அவர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

"ஆமாங்க."

எழுந்து போய் மெஷினை ஓடவிட்டார். நான் கிளம்பவா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து நிறுத்திவிட்டு வந்து, "சோறு தின்னுட்டுத்தான் போகோணும்" என்றார். கொள்ளுப் பருப்பு ஊற்றிச் சாப்பிட்டேன். அவரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

கிளம்பும்போது பரண் மேலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்து வந்தார், கறுப்புத் தட்டு. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது ஒரு பழைய பேப்பர் கடையில் அவருடைய கணவர் கண்டெடுத்ததாம். அட்டையில் ஒருவர் சாக்ஸபோனோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "போட்டுக் கேக்கப் பொட்டி இல்லீங்க. ஆராச்சும் கேட்டுச் சொன்னாத் தேவலைன்னு சொல்லீட்டே இருந்தாருங்க. நீங்க கொண்டுபோங்க" என்றார். கணவருடைய எண்ணையும் கொடுத்தார்.

சேலத்தில் ரேடியோ சர்வீஸ் கடை ஒன்றில் இசைத்தட்டுப் பெட்டி இருந்தது. ஒரு சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். கீறல் நிறைய. முதல் பக்கத்தை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முன்னால் கைபேசியைப் பிடித்துப் பதிவு செய்தேன். தெருவில் போன பஸ்ஸின் ஹாரனும் அதில் சேர்ந்துகொண்டது. கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தியதால் மறு பக்கத்தைக் கேட்க முடியவில்லை. அன்றே அதை டிரைவர் அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

இரண்டு நாள் ஒரே ஒரு டிக்தான் இருந்தது. மூன்றாம் நாள் குரல் செய்தி வந்தது. பின்னால் ரிக் ஓடுகிற சத்தம். "டீச்சர், நல்லாருக்கீங்களா? மூணாவது வாசிப்புல அந்த ஆளு மூச்சு வாங்கறது கேக்குதுங்க, கவனிச்சீங்களா? ரெண்டாவது பக்கத்தையும் அனுப்புங்க. இங்க சிக்னலு கெடைக்காது, கெடைக்கறப்பக் கேட்டுக்கறனுங்க."

இப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆல்பமாவது எங்களுக்குள் போய் வருகிறது. நான் லிங்க் அனுப்புவேன். அவர் எத்தனையாவது நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார். அந்த அறையில் நடந்ததைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை. ஒரு முறை ஆரம்பித்தேன். "அத உடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னதை அவரும் ஒரு முறை சொல்லிவிட்டால் எனக்கு லேசாக இருக்கும். அவர் சொல்ல மாட்டார். நானும் அன்று பேசாமல் நின்றதை அவருக்கு எழுதத் தொடங்கி, மூன்று முறை அழித்துவிட்டேன்.